பந்தயக் கடிகாரமும் வாத்தியக்காரர் முதுமையும்

இரண்டாவது மகாயுத்தம் முடிந்த பின்னர், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிலைக்களமாகக் கொண்டு இரண்டு தொழில்கள் ஓங்கி வளர்ந்தன. ஒன்று, ‘டிராக்’ என்று பெயர் பெற்ற மோட்டார்ப் பந்தயம். மற்றொன்று, இசைத்தட்டுத் தொழில். பந்தயக் களத்தின் உறுமலையும் வேகத்தையும் தட்டுக் கம்பெனிகள் பாட்டாக்கி விற்றன. வாலிபர்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். பாடியவர் பெயர் உறையின்மேல் பெரிய எழுத்தில் இருந்தது. டிரம் கொட்டியவர் யார், கிதார் மீட்டியவர் யார் என்பது எங்கும் காணப்படவில்லை. கூலிக்கு வாசித்த அந்த வாத்தியக்காரர்கள் முதுமையடைந்தபோது அவர்கள் கதி என்னவாயிற்று என்பது, தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டவர்கள் அறிந்து கொள்ளத் தக்க வரலாறு. நம் சென்னைப் பட்டணத்துச் சினிமா ஸ்டுடியோக்களில் வாசித்துப் பிழைப்பவர்களுக்கும் அதில் சம்பந்தம் உண்டு. அதைப் பின்னர் சொல்லுவோம்.

பந்தயத்தின் முறை மிகவும் எளியது. நேரான ஒரு பாதை. நீளம் கால் மைல், அதாவது 1,320 அடி. இரண்டு வண்டிகள் அருகருகே அசையாமல் நிற்கும். சமிக்ஞை கிடைத்ததும் பாய வேண்டும். எல்லைக் கோட்டை முதலில் கடந்தவன் வென்றவன். வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. யுத்தத்துக்கு முன்பு கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் தம் வண்டிகளைப் பரீக்ஷித்துக் கொண்டிருந்த மோட்டார்ப் பித்தர்கள், யுத்தம் ஓய்ந்ததும் விமானத் தளங்களை நாடினார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலிருந்த யுத்தகால விமானத் தளம் பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தயக் களமானதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். 1950-ம் வருஷத்தில் ஸாண்டா ஆனா என்னும் ஊரில் ஒரு விமான நிலையத்து ஓடுபாதையில் கட்டணம் வசூலித்துப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். மறு வருஷம் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஸ்தாபித்து, தெருக்களில் கண்மூடித்தனமாக ஓடிக் கொண்டிருந்த வாலிபர்களை விதிகளுக்கு உட்படுத்தினார். இக்காலத்தில் முதல் வகுப்பு வண்டிகள் நைட்ரோமீதேன் என்னும் திரவத்தை எரித்து, நான்கு விநாடிக்குள் மணிக்கு 330 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எட்டுகின்றன. 2008-ல் ஓட்டுநர் ஒருவர் களத்தில் உயிர் துறந்த பிறகு, அவ்வகுப்புக்குத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்து விட்டார்கள்.

1963-ம் வருஷத்தில் இந்தப் பந்தயத்தைப் பற்றிய பாட்டுகளுக்கு அமெரிக்காவில் பெருங்கிராக்கி ஏற்பட்டது. ஜான், டீன் என்ற இரு வாலிபர்கள் பாடிய ‘டிராக் சிட்டி’ அவற்றுள் பேர் பெற்றது. அவ்விருவருக்காக ஸ்டுடியோவில் டிரம் வாசித்தவர்கள் ஹால் பிளெய்ன், எர்ல் பாமர் என்னும் இரு தொழில் வித்வான்கள். ஒரே பாட்டுக்கு இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஓர் அடி பிசகாமல் சேர்ந்து வாசிப்பதும் உண்டு. பந்தயக் களத்தில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்பதைப் போன்ற காட்சி அது. அதே வருஷத்தில் பிளெய்ன் பெயரிலேயே மோட்டார் வண்டிகளைப் பற்றிய தட்டு ஒன்றும் வெளிவந்தது. அது விதிவிலக்கு. மற்றபடி மூன்று மணி நேரம் வாசிப்பது, சங்கம் விதித்த கூலியைப் பெறுவது, அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடுவது, இதுவே அவர்கள் வாழ்க்கை.

பிளெய்ன் வாசித்த அளவைக் கேட்டால் நம்புவது கடினம். 1966 முதல் 1971 வரையில் ஆறு வருஷங்கள் தொடர்ச்சியாக, அந்தந்த வருஷத்துக்குச் சிறந்த தட்டு என்று கிராமி பரிசு பெற்ற பாட்டு ஒவ்வொன்றிலும் டிரம் அவருடையது. அவற்றுள் ஒன்றாகிய ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ என்ற பாட்டில், பனிக்காலத்தில் மோட்டார் டயரில் பூட்டும் இரும்புச் சங்கிலியைச் சிமிட்டித் தரையில் தாளத்துக்கு இசைய இழுத்து ஒலி எழுப்பினார். 1965-ல் பேர்ட்ஸ் என்னும் கோஷ்டியாரின் முதற்பாட்டு நாடெங்கும் முழங்கியது. அக்கோஷ்டியில் ஒருவர் நீங்கலாக மற்றவர்கள் அதில் வாத்தியத்தைத் தொடவே இல்லை. தொட்டவர்கள் பிளெய்னும் அவர் தோழர்களுமே. கேட்ட ஜனங்களுக்கு இது தெரியாது. தெரிய வேண்டாம் என்பதே கம்பெனிகளின் எண்ணம். வியாபாரத்தில் இதைச் சாமர்த்தியம் என்பார்கள். நாம் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை.

இனி, முதுமைக்கு வருவோம். பந்தயக்காரனுக்கும் முதுமை உண்டு. ஆனால் அவனுக்குக் கடிகாரம் என்ற ஒரு நடுவர் இருக்கிறார். ஒவ்வோர் ஓட்டமும் முடிந்தவுடன் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையில் கணக்கிட்டு, ஒரு சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுத்து விடுகிறார்கள். அந்தச் சீட்டில் வயது இல்லை. டான் கார்லிட்ஸ் என்பவர் 1932-ல் பிறந்தவர்; 1970-ல் அவரது வண்டியின் கியர் பெட்டி வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். என்ஜின் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பதே ஆபத்துக்குக் காரணம் என்று கண்டு, அதை முதுகுக்குப் பின்னால் வைத்து வேறு வண்டி கட்டி, மறு வருஷமே வென்றார். பிறகு எல்லோரும் அவ்வழியையே பின்பற்றினார்கள். தமது 82-வது வயதில், 2014-ல், மின்சார வண்டி ஒன்றில் மணிக்கு 184 மைல் வேகம் ஓடினார். 2019-ல், 87-வது வயதில், 189 மைல். கிழவர் என்று அவரைக் களத்துக்கு வெளியே நிறுத்தக் கடிகாரத்துக்கு அதிகாரம் இல்லை.

வாத்தியக்காரருக்கோ நடுவர் டெலிபோன். மணி அடித்தால் வேலை உண்டு, அடிக்காவிட்டால் இல்லை. ஏன் அடிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கை தளர்ந்ததா, தாளம் பிசகியதா என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. ‘பழைய ஆள்’ என்ற ஒரு சொல் போதும். 1970-க்கு மேல் அமெரிக்காவில் கோஷ்டியார் தாங்களே வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1980-ல் மெய்யான டிரம் ஒலிகளைப் பதித்து வைத்துக் கொண்டு பித்தானை அமுக்கினால் வாசிக்கும் லின் யந்திரம் விற்பனைக்கு வந்தது. பிளெய்னுக்கு வேலை குறைந்தது. மணவிலக்கில் சேர்த்த செல்வமும் போயிற்று. நாடெல்லாம் கேட்ட தாளத்துக்கு உடையவர் அரிஸோனாவில் சில காலம் காவல்காரராக உத்தியோகம் பார்த்தார். 2000-ம் வருஷத்தில் ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தார் துணை வாத்தியக்காரர்களுக்கென்று முதல் முறையாக ஒரு பிரிவு வகுத்து, அவரையும் பாமரையும் சேர்த்துக் கொண்டார்கள். 2019-ல் 90-வது வயதில் பிளெய்ன் காலமானார்.

பாமரின் வழி வேறு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பராகிய அவர் 1957-ல் லாஸ் ஏஞ்ஜல்ஸுக்குக் குடியேறினார். அதற்கு நான்கே வருஷங்களுக்கு முன்பு வரையில் அந்நகரத்தில் வெள்ளை வாத்தியக்காரருக்கு ஒரு சங்கம், கறுப்பு வாத்தியக்காரருக்கு ஒரு சங்கம் என்று இருந்தது. உள்ளிருந்தே போராடி 1953-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஸ்டுடியோ வேலை மெலிந்த பிறகு, அந்த ஒன்றுபட்ட சங்கத்துக்கே பாமர் 1982-ல் பொக்கிஷதாராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; ஒரு முறை தோற்று, 1990-ல் மறுபடியும் வந்தார். கொட்டிய கை கணக்கு எழுதப் போனது சிறுமை என்று சிலர் நினைக்கக் கூடும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனெனில், வாத்தியக்காரருக்கு முதுமையில் கிடைத்ததெல்லாம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்ததே. அதன் ஆரம்பம் 1942 ஆகஸ்டு முதல் தேதி. தட்டும் ரேடியோவும் தங்கள் வேலையைத் தின்று விடுகின்றன என்று கண்டு, சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ தட்டுகளுக்கு வாசிப்பதை நாடெங்கும் நிறுத்தி விட்டார். யுத்த காலத்தில் இப்படிச் செய்யலாமா என்று பத்திரிகைகள் தூற்றின. அவர் அசையவில்லை. 1943-ல் ஒரு கம்பெனியும், 1944 நவம்பரில் மிகப் பெரிய இரண்டு கம்பெனிகளும் இறங்கி வந்து, விற்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் சங்க நிதிக்கு ஒரு தொகை செலுத்த இசைந்தன. முதலாளி சங்கத்துக்கு இப்படிப் பணம் செலுத்தக் கூடாது என்று 1947-ல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடுத்தது. 1948-ல் மறுபடியும் வேலை நிறுத்தம். முடிவில் சங்கத்துக்குப் புறம்பான தர்மகர்த்தாவிடம் நிதி ஒப்படைக்கப்பட்டது.

இதில் ஒரு குறை இருந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. ஸ்டுடியோவில் உழைத்தவர் ஈட்டிய பணம், வேலையற்றவர்களைக் கொண்டு இலவசக் கச்சேரி நடத்தச் செலவாயிற்று. ‘ஊருக்கு உபகாரம் சரி, வாசித்தவனுக்கு என்ன?’ என்று லாஸ் ஏஞ்ஜல்ஸில் ஸெஸில் ரீட் என்னும் டிரம்பெட் வித்வான் கிளம்பினார். 1958-ல் போட்டிச் சங்கமே ஏற்பட்டது. பெட்ரில்லோ அவ்வருஷம் தலைமையை விட்டார். அந்தக் கலகத்தின் பயனாக 1964-ல் விசேஷ நிதி ஒன்று அமைந்து, தட்டு விற்பனையில் ஒரு பங்கு வாசித்தவருக்கே வருஷந்தோறும் காசோலையாக வரத் தொடங்கியது. தலைவரை எதிர்ப்பவன் எல்லாம் சங்கத்துரோகி என்று கூச்சலிடும் நம் நண்பர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு முறை படிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் அபாயம் தீரவில்லை. வாத்தியக்காரரின் உபகாரச் சம்பள நிதி வற்றத் தொடங்கி, கிழவர்களின் தொகையைக் குறைக்க 2019-ல் அரசாங்கத்திடம் அனுமதி கேட்கும் நிலை வந்தது. 2020-ல் அரசாங்கம் மறுத்தது. 2021-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், 2024-ல், சுமார் 150 கோடி டாலர் பொதுப் பணம் அந்நிதிக்கு உதவியாக வந்து சேர்ந்தது. ரேடியோ விஷயத்திலோ அநீதி அப்படியே நிற்கிறது: அமெரிக்க ரேடியோ நிலையங்கள் பாட்டை இயற்றியவருக்குப் பணம் கொடுக்கின்றன, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கொடுப்பதில்லை. இன்டர்நெட் வழியாக ஒலிபரப்புவோர் 1995-ம் வருஷத்துச் சட்டப்படி கொடுக்கிறார்கள். அதில் பெயரில்லாத வாத்தியக்காரருக்கு ஒதுக்கியது நூற்றுக்கு இரண்டரை.

நம் நாட்டிலும் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வியாபாரத்துக்குப் பயன்படும் நிகழ்ச்சிக்குக் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்று விதித்தார்கள். நல்லது. ஆனால் அதே சட்டத்தில், ‘கலைஞர்’ என்பதன் பொருளை விளக்குமிடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: சினிமாவில் ஒருவர் பங்கு தற்செயலானதாக அல்லது சிறியதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் காட்டப்படாவிட்டால், தார்மிக உரிமை ஒன்று தவிர மற்றவற்றில் அவர் கலைஞராகக் கருதப்பட மாட்டார். பெயர் போடாதது முதலாளியின் வழக்கம். அவ்வழக்கமே உரிமையை மறுக்கும் வாதத்துக்கு இடமாகிறது. முன்னூறு பாட்டுகளில் வயலின் வாசித்தவர், தம் பங்கு ‘சிறியதன்று’ என்று கிழ வயதில் கோர்ட்டில் எதைக் கொண்டு ரூபிப்பார்? எம். பி. ஸ்ரீனிவாஸன் சென்னையில் சினிமா வாத்தியக்காரரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். கூலி விஷயத்தில் அதனால் விளைந்த நன்மை பெரிது. அடுத்த வேலை இது: ஒவ்வோர் ஒலிப்பதிவு முடிந்தவுடன் யார், எந்த வாத்தியம், எத்தனை மணி நேரம் என்பதைத் தாளில் எழுதி, கம்பெனியும் கையொப்பமிட்டு, ஒரு பிரதி சங்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கச் சங்கத்தார் அவ்வாறு வைத்திருக்கிறார்கள். பழைய பாட்டு ஒன்று புதிய படத்திலோ விளம்பரத்திலோ புகும்போது, அந்தத் தாளைப் பார்த்தே வாசித்தவருக்கும், அவர் இல்லாவிட்டால் அவர் குடும்பத்துக்கும் மறுபடியும் கூலி வாங்கிக் கொடுக்கிறார்கள்.