ஏற்காடு தோட்டத்துக்குக் கல் வரப்பு: சுவரில் ஓட்டை ஏன் அவசியம்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோர சீட் கிடைத்தால் எல்லோரும் பள்ளத்தாக்கைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை மலையை ஒட்டிய தடுப்புச் சுவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். இப்படிப்பட்ட சுவர்களில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பூப்பாத்தியைச் சுற்றிக் கல் கட்ட நினைப்பவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சரிவில் இருக்கும் பாத்திக்குத் தடுப்பு இல்லையென்றால், போட்ட எருவோடு மேல்மண்ணும் கீழே போய்விடும். அதனால்தான் கல் வரப்பு.

கல்லைச் சும்மா அடுக்கினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். சிமெண்டு வைத்து அடைத்தால் அந்த வழி மூடிவிடும். மண் ஊறிப் பாரம் கூடும்; தேங்கிய தண்ணீர் சுவரை வெளியே தள்ளும். சுவர் தப்பினாலும் செடியின் வேர் அழுகும்.

எப்படிக் கட்டுவது?

* கயிறு பிடித்து, அரை அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ஜல்லி கொட்டி நன்றாக இடியுங்கள்.
* சேர்வராயன் மலையின் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். நல்ல கெட்டியான கல். ஆனால், மண்ணோ பாசியோ ஒட்டியிருந்தால் கலவை பிடிக்காது. கழுவிவிட்டு வையுங்கள்.
* பெரிய கற்கள் அடியில் வரட்டும். கீழ் வரிசையின் இடுக்குக்கு நேர் மேலே இன்னொரு இடுக்கு வரக் கூடாது.
* ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும்.
* தரைமட்டத்தை ஒட்டி, மூன்று நான்கு அடிக்கு ஒன்றாகச் சிறிய பிவிசி குழாய்த் துண்டு வையுங்கள். வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும். உட்பக்கம் ஜல்லி போட்டால் மண் அடைக்காது.
* ஈரச் சாக்கு போர்த்தி, ஒரு வாரம் தண்ணீர் காட்டுங்கள்.

இரண்டு அடிக்கு மேல் உயரம் தேவைப்பட்டால், அனுபவமுள்ள கொத்தனாரையோ பொறியாளரையோ கேட்காமல் இறங்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், சிமெண்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு. மலை மண்ணோ பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. புதுச் சுவரை ஒட்டி ஹைட்ராஞ்சியா வைத்தால், நீலமாகப் பூத்த செடி இளஞ்சிவப்புக்கு மாறலாம். அசேலியாவின் இலை மஞ்சளாகலாம். சிந்திய கலவையை அன்றே பொறுக்கிவிட்டு, இந்தச் செடிகளைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நடுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம், மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை. கட்டி முடித்ததும் ஒரு வாளி தண்ணீரைப் பாத்தியில் ஊற்றிப் பாருங்கள். மண் குடித்தது போக மிச்சம் ஓட்டை வழியாகச் சொட்டினால், அடுத்த மழைக்கு உங்கள் வரப்பு தயார்!