ஆட்டக்காரனுக்கு அடிமைச் சீட்டா?

பந்தாடிப் பிழைப்பவனும் தொழிலாளியே. இவ்வெளிய உண்மையை நிலைநாட்ட பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான் மார்க் போஸ்மான் கொடுத்த விலை பெரிது. 1990-ல் லியேஜ் கழகத்துடன் அவர் செய்திருந்த ஒப்பந்தம் முடிந்தது. கழகம் தர முன்வந்த புதிய சம்பளம் பழையதில் கால் பங்கே. பிரான்ஸின் இரண்டாம் பிரிவிலிருந்த டன்கர்க் கழகம் அவரை அழைத்தது. மாற்றுத் தொகை வந்துசேருமோ என்று சந்தேகித்த லியேஜ், அவரைப் போகவிடவில்லை. ஒப்பந்தம் தீர்ந்தும் உடைமை தீரவில்லையாம்! இது அடிமைச் சீட்டன்றி வேறென்ன?

போஸ்மான் வழக்காடினார். ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக் கழகத்தில் சேர விலை கேட்பது செல்லாதென 1995 டிசம்பர் 15-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். போராடியவரோ ஆடும் வயதை வழக்கிலே கழித்துப் பின்னர் வறுமையில் வாடினார். உரிமையின் பலனை உண்போர், அதை விதைத்தவரைத் தாங்குவது தருமமன்று, கடனே என்போம்.