உங்களுக்குத் தெரியுமா? கல்லுக்குள் தணல்

ஃபயர் அகேட் என்ற மணிக்கல் வெளிப்பார்வைக்குப் பழுப்புக் கட்டி; காலில் இடறினாலும் குனிந்து பார்க்கத் தோன்றாது. தேய்த்தால் உள்ளே சிவப்பும் பச்சையும் தணலாக மினுங்கும். சிலிக்காவுக்கு நடுவே படிந்த மிக மெல்லிய இரும்பு ஆக்சைடு ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி, ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் ஜாலம் இது. பட்டை தீட்டுபவர் ஏட்டின் மேடு பள்ளம் பார்த்தே தேய்க்க வேண்டும். மயிரிழை கூடினாலும் நிறம் போச்சு! கோணல்மாணலான கற்களே அதிகம் இருப்பது அதனால்தான்.

அமெரிக்காவின் அரிசோனாவில், சஃபோர்ட் ஊரருகே பிளாக் ஹில்ஸ் அரசு நிலத்தில் சொந்த உபயோகத்துக்கு யாரும் இதைப் பொறுக்கலாம். சுரங்க உரிமை பதிவான இடமென்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுக்க வேண்டும். சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்ட விடுவதும் உண்டு.