மன்னார் வளைகுடா முத்து மதிப்பீடு

மன்னார் வளைகுடா முத்து மதிப்பீடு என்பது தூத்துக்குடிக் கடற்பகுதியிலும் அதற்கு எதிரே இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் கிடைத்த இயற்கை முத்துகளுக்கு நியாயமான விலை காணும் முறையாகும். தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. ஆகவே இன்று கைமாறும் இக்கடல் முத்துகள் பெரும்பாலும் பழைய நகைகளிலும் சேகரிப்பாளர்களிடமும் இருப்பவையே ஆகும்.

வரலாறு

கொற்கை முத்தின் சிறப்பைச் சங்க இலக்கியங்கள் கூறுகின்றன. முதலாம் இராசராசன் (கி.பி. 985-1014) காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், இறைவனுக்கு அளிக்கப்பட்ட நகைகளிலுள்ள முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி எனவும், நிறத்தால் குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. நிறை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி ஆகியவற்றால் குறிக்கப்பட்டது. 1 கழஞ்சு 20 மஞ்சாடியும், 1 மஞ்சாடி 2 குன்றியும் ஆகும்.

முத்துக்குளிப்புக் காலங்களில் சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். இதனால் குளிப்பை அறிவிக்குமுன் முத்துச்சிப்பிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அவற்றில் கிடைத்த முத்துகள் வணிகர்களால் மதிப்பிடப்பட்டன.

தரம் பிரித்தல்

முத்துகள் முதலில் 'பெட்டி' எனப்படும் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களில் சலிக்கப்பட்டன. இவை 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனத் துளைகளின் எண்ணிக்கையால் பெயர் பெற்றவை. எண்ணிக்கை கூடக்கூடத் துளை சிறுக்கும். அடுத்து, உருண்டை வடிவமும் ஒளியும் நோக்கித் தரம் பிரிக்கப்பட்டது. இரண்டிலும் குறையில்லாதது ஆணிமுத்து எனப்பட்டது. மிகச் சிறியவை தூள் எனப்பட்டன.

செவ்வுக் கணக்கு

நல்ல முத்தின் விலை நிறையின் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. நிறையின் வர்க்கத்தைப் பின்பற்றுகின்றது. பெரிய முத்து அரிதாகக் கிடைப்பதே இதற்குக் காரணம். மன்னார்க் கரையில் வழங்கிய முறைப்படி, மஞ்சாடி நிறையை வர்க்கப்படுத்தி, அதில் முக்கால் பங்கை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு ஆகும்.

எடுத்துக்காட்டாக, 10 முத்துகளின் மொத்த நிறை 20 மஞ்சாடி எனில், 400-இல் முக்கால் பங்கான 300-ஐ 10-ஆல் வகுக்க, 30 செவ்வு கிடைக்கும். அதே 20 மஞ்சாடி நிறையில் 40 முத்துகள் இருந்தால் 7½ செவ்வு மட்டுமே. தரம் ஒன்றாயின், நிறை சமமாக இருந்தும் இரண்டாவது தொகுதியின் விலை கால் பங்கே ஆகும். ஒரு செவ்வுக்கு என்ன விலை என்பதைத் தரம் முடிவு செய்யும். ஐரோப்பிய வணிகர்களும் கிரெயின் நிறையை வர்க்கப்படுத்தி அடிப்படை விலையால் பெருக்கும் முறையைக் கையாண்டனர்.

இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும்

1920களில் யப்பானிய வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தைக்கு வந்தபின், மதிப்பீட்டின் முதற்கேள்வியே மாறிவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973 இல் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கியது. எனவே 'தூத்துக்குடி முத்து' என்னும் பெயர் மட்டும் இயற்கை முத்து என்பதற்குச் சான்றாகாது.

பல்லில் உரசினால் நறநறப்பது போலி முத்தல்ல என்பதை மட்டுமே காட்டும். வளர்ப்பு முத்தும் அவ்வாறே நறநறக்கும். வளர்ப்பு முத்துகள் பலவற்றின் நடுவே சிப்பி ஓட்டில் கடைந்த மணி இருக்கும். துளையை உருப்பெருக்கியால் நோக்கினால் சில வேளைகளில் அதன் விளிம்பு தெரியும். உறுதியான முடிவுக்கு ஆய்வகத்தில் ஊடுகதிர்ப் படம் எடுக்க வேண்டும்.

பழைய முத்தின் விலை

வியர்வை, அமிலம், நறுமணப் பொருட்கள் ஆகியவற்றால் முத்தின் மேற்படலம் தேய்ந்து ஒளி குன்றும். மங்கிய படலத்தை உரித்து ஒளியை மீட்க முயன்றால் நிறை குறையும். வர்க்கக் கணக்கில் அந்த இழப்பு மேலும் பெரிதாகும். மரபுரிமையாக வந்த மாலையைப் பிரித்து விற்பதும் பெரும்பாலும் இழப்பே. ஒத்த நிறமும் அளவும் கொண்ட முத்துகளைச் சேர்ப்பது அரிது என்பதால், இணைந்த தொகுதிக்குத் தனி மதிப்பு உண்டு.

வெளிநாட்டு ஏல விலைகளை அப்படியே இங்கு பொருத்துதல் தவறாகும். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நகை தொல்பொருளாகக் கருதப்படுமாயின் அதனைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. ஆகவே ஆய்வகச் சான்றும், உள்நாட்டு வணிகர் இருவர் மூவரின் தனித்தனி மதிப்பீடுமே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பாதுகாப்பானவை.