பாரிஸ் மாநகரில் ஒரு நாள்

ஐரோப்பா செல்லும் நம்மவர்கள் பாரிஸ் மாநகரைக் காணாமல் திரும்புவது அரிது. ஈபெல் கோபுரத்தின்முன் நின்று புகைப்படம் எடுத்து, சேன் ஆற்றில் படகேறி, கடைத்தெருவில் வாசனைத் திரவியம் வாங்கிவிட்டால் பயணம் நிறைவுற்றது என்பது பலருடைய எண்ணம். ஆனால் சேலம் மறைமாவட்டத்துக் கிறிஸ்தவன் ஒருவனுக்கு அந்நகரம் அவ்வளவு அந்நியமானதன்று. நம் விசுவாசத்தின் வேர்களுள் சில அங்கிருந்தும் வருகின்றன. அவ்வேர்களைக் கண்டுவரும் எண்ணத்துடன், பாண்டிச்சேரியிலிருந்து சென்று அங்கே குடியேறிய நண்பர் குடும்பத்தாருடன் ஒரு பகல் முழுவதும் அந்நகரைச் சுற்றினோம்.

காலையில் முதலாவதாகச் சென்றது நோத்ர தாம் பேராலயத்திற்கு. 1163-ஆம் ஆண்டில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கட்டப்பட்ட தேவாலயம் இது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15, பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை மாலை, இதன் கூரையும் ஊசிக்கோபுரமும் தீக்கிரையானதைத் தொலைக்காட்சியில் கண்டு நாமும் கலங்கினோம் அல்லவா? அன்றிரவு வீதிகளில் மக்கள் முழங்காலிட்டு மரியன்னையின் பாடல்களைப் பாடினார்கள். புனித லூயி மன்னர் 1239-இல் பெற்றுக் கொணர்ந்த, ஆண்டவரின் முள்முடியாக வணங்கப்படும் திருப்பண்டம், தீயினின்று காப்பாற்றப்பட்டது. ஐந்தாண்டு உழைப்பிற்குப் பின் 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கரி படிந்த சுவர்கள் இன்று பால்போல் வெளுத்துத் துலங்குகின்றன.

அங்கிருந்து ஆற்றைக் கடந்து தென்கரையில் நடந்தால், பல்கலைக்கழகங்கள் நிறைந்த பழைய பகுதி வருகிறது. அங்குள்ள சாந்த் பார்ப் கல்லூரிக் கட்டடம் இன்று ஒரு நூலகம். 1525-ஆம் ஆண்டில், பட்டமும் பதவியும் நாடி நவார் நாட்டிலிருந்து வந்த பிரபுகுல இளைஞர் ஒருவர் இக்கல்லூரியில் சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் நம் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்து, செபங்களைத் தமிழில் கற்றுக்கொடுத்த புனித பிரான்சிஸ் சவேரியார்! உலக மேன்மையை நாடிய அவரை, உடன் தங்கிய இஞ்ஞாசியார் பொறுமையுடன் ஆண்டவர்பால் திருப்பினார். நல்ல நட்பு ஒன்று நாடுகளின் வரலாற்றையே மாற்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அடுத்து நாங்கள் அடைந்தது பாக் வீதி. இவ்வீதியின் 140-ஆம் எண்ணில், 1830-ஆம் ஆண்டில் தேவமாதா புனித கத்தரீன் லபூரேக்குக் காட்சியளித்து, அற்புத சுரூபத்தை அருளிய சிற்றாலயம் இருக்கிறது. நண்பரின் வயது முதிர்ந்த தாயார், இவ்விடத்திற்காகவே எங்களுடன் வந்திருந்தார். செபமாலை முடித்து வெளியே வந்ததும், அதே வீதியில் 128-ஆம் எண் வாயிலுக்கு அவரையும் அழைத்துச் சென்றோம். சில அடி தூரமே.

இதுவே பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் தலைமை இல்லம். 1663-இல் இங்கே குருமடம் நிறுவப்பட்டது. இதன் வழியாக நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குருக்கள் ஆசிய நாடுகளுக்குச் சென்றனர். அவர்களுள் 23 பேர் வேதசாட்சிகளாக மரித்துப் புனிதர் பட்டம் பெற்றவர்கள். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது, தத்துவ போதகரும் அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த தமிழகத்துத் திருச்சபை மேய்ப்பர்களின்றித் தவித்தது. 1776-இல் அப்பணியை ஏற்றவர்கள் இச்சபையினரே. 1930-ஆம் ஆண்டு மே 26 அன்று, பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் சேலம் மறைமாவட்டத்தை ஏற்படுத்தியபோது, அதன் முதல் ஆயராகப் பொறுப்பேற்ற ஹென்றி புரூனியே ஆண்டகையும் இச்சபைக் குருவே. அஸ்தம்பட்டியில் இன்று நாம் திருப்பலி காண்பதற்கும் இந்த வாயிலுக்கும் உள்ள தொடர்பு இது.

முற்காலத்தில் இங்கிருந்து புறப்பட்டவர்கள் தாயகம் திரும்பும் எண்ணத்துடன் புறப்படவில்லை. சாகும்வரை அனுப்பப்பட்ட நாட்டிலேயே வாழ்வது என்பது அவர்களுடைய தீர்மானம். புறப்படும் நாளில் அவர்கள் பீடத்தின்முன் வரிசையாக நிற்பார்கள். பெற்றோரும் உடன்பிறந்தோரும் நண்பர்களும் ஒவ்வொருவராக வந்து அவர்களுடைய பாதங்களை முத்தமிடுவார்கள். அவ்வேளையில் பாடப்பெற்ற கீதத்திற்கு இசையமைத்தவர், இவ்வாலயத்தில் பணிபுரிந்த புகழ்பெற்ற இசைமேதை கூனோ. 1868-இல் ஷார்ல் தெ கூபெர்த்தன் தீட்டிய ஓவியம் ஒன்று இக்காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது. அவ்வாறு 1864-இல் கொரியா நாட்டிற்குப் புறப்பட்ட நான்கு இளங்குருக்களும், இரண்டே ஆண்டுகளில், 1866-இல், தலை வெட்டுண்டு மரித்தார்கள்.

இவற்றையெல்லாம் தமிழில் எடுத்துரைக்கக் கேட்ட அந்தத் தாயார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "சாமி, என் மகன் பிரான்சுக்குப் புறப்பட்டபோது நானும் அழுதேன். ஆனால் அவன் சம்பாதிக்கப் போகிறான், லீவுக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். இந்தத் தாய்மார்கள் எந்தத் தைரியத்தில் விட்டார்கள்?" என்றார். நண்பர் தலைகுனிந்து நின்றார். எங்களுக்கும் உடனே விடை சொல்ல வாயெழவில்லை.

பிற்பகலில், வடக்கு இரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதிக்குச் சென்றோம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்கள் பலர் இங்கே கடை வைத்துள்ளனர். முருங்கைக்காயும் வெற்றிலையும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் கண்டபோது, நம் சேலத்துக் கடைவீதியில் நிற்பதுபோல் இருந்தது. சூடான தோசை உண்டு களைப்பாறினோம்.

மாலையில் மோன்மார்த்ர் குன்று ஏறினோம். ஏற்காட்டு மலையை நாள்தோறும் காணும் கண்களுக்கு இது ஒரு மேடுதான். உயரம் 130 மீட்டர் அளவே. ஆயினும் இக்குன்றின் சரிவிலிருந்த சிற்றாலயத்தில்தான், 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று, இஞ்ஞாசியாரும் சவேரியாரும் உள்ளிட்ட ஏழு நண்பர்கள் தங்களை ஆண்டவருக்கு வார்த்தைப்பாட்டால் ஒப்புக்கொடுத்தார்கள். உச்சியில் திரு இருதயப் பேராலயம் வெண்மையாய் விளங்குகிறது. அங்கே 1885-ஆம் ஆண்டு முதல் தேவநற்கருணை ஆராதனை இரவும் பகலும் இடையறாது நடைபெற்றுவருகிறது. அம்மாபெரும் நகரின் இரைச்சலுக்கு மேலே, யாரேனும் ஒருவர் எந்நேரமும் முழங்காலில் இருக்கிறார்!

அந்த ஆராதனையில் அமர்ந்திருந்தபோது, சவேரியார் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. ஆன்மாக்களைக் கவனிக்க ஆளில்லாமையால் மனம் வருந்தி, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிசுக்கு, ஓடிச் சென்று, அன்பின்றிக் கல்விமட்டும் மிகுந்தவர்களைப் பார்த்துப் பித்தனைப்போல் கதற வேண்டுமெனத் தோன்றுகிறது என்று அவர் அதில் எழுதினார். அன்று நம் நாட்டிலிருந்து பாரிசை நோக்கி எழுந்த குரல் அது. இன்றோ, பிரான்சு நாட்டுப் பங்குகள் பலவற்றில் ஆப்பிரிக்க, ஆசியக் குருக்கள் பணிபுரிகிறார்கள். அன்று கொடுத்த திருச்சபை இன்று கைநீட்டிப் பெறுகிறது. அன்று பெற்ற நாம் இன்று கொடுக்கத் தயாரா?

அன்புள்ள பெற்றோர்களே, நம் இல்லங்களில் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைந்துவிட்டார்கள். இருக்கும் ஒரு மகனையும் மகளையும் வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப நாம் கடனும் வாங்குகிறோம். விமான நிலையம்வரை சென்று வழியனுப்புகிறோம். அது தவறென்று கூறவில்லை. ஆனால் அதே பிள்ளை, "நான் குருவாக, கன்னியராக விரும்புகிறேன்" என்று சொன்னால், நம் முகம் ஏன் வாடுகிறது? பாக் வீதியில் தம் மகனின் பாதத்தை முத்தமிட்ட தாய்மார்களும் நம்மைப்போல் மாமிச இருதயம் படைத்தவர்களே. அவர்கள் கண்ணீர் விடாமல் கொடுக்கவில்லை, கண்ணீருடனேயே கொடுத்தார்கள். அந்தத் தாயாரின் கேள்விக்கு நாம் அறிந்த விடை அவ்வளவே.

வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, நம் மறைமாவட்டத்தின் பழைய பங்குகளில் துயிலும் அந்நிய நாட்டுக் குருக்களையும் நினைவுகூருங்கள். அவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், யார் அவர்களை வழியனுப்பினார்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்போது பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று செவிகொடுத்துக் கேளுங்கள்.