கூலியும் வழிச்செலவும்: கூட்டு உடன்படிக்கையின் பயன்

உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதை எவரும் மறுப்பாரல்லர். ஆயின், அவ்வூதியம் எத்துணை? அதனை வரையறுப்பவர் யார்? உழைக்குமிடத்திற்குச் சென்று மீளும் செலவு எவர் தலையில் விழுவது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது எளிதன்று. முதலாளியின் தயவிலும், சட்டத்தின் ஆணையிலும், இரு தரத்தாரும் ஒப்பி எழுதும் உடன்படிக்கையிலும் விடை தேடப்பட்டதுண்டு. இம்மூன்றையும் தன் வரலாற்றிற் கண்ட நிலம் மாத்தளை மாவட்டம். ஆதலின் அதனையே சான்றாகக் கொண்டு, கூட்டு உடன்படிக்கை யாது, அதன் பயன் யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மாத்தளையின் தோட்ட வரலாறு ஒரு வழிப்பயணத்தோடு தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கும் மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஆகியவற்றைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். கொள்ளை நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். பிழைத்து வந்தோர்க்கோ பிறிதொரு சுமை காத்திருந்தது. அப்பயணத்திற்குக் கங்காணி செலவிட்ட பணம் அவர்கள் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்த்தாலன்றி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லல் இயலாது. கடனைத் தீர்ப்பார்க்கு ஆளை விட்டுக்கொடுப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. வேலைக்கு வந்த வழிச்செலவே மனிதனைக் கட்டும் விலங்காயிற்று என்பது இதனாற் புலனாகும்.

துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1923ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், தோட்ட உரிமையாளரிடம் பெற்ற பணத்தால் ஒரு பொது நிதி நிறுவப்பட்டது. அதன் பின்னர்ப் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. தொழிலாளி கடனின்றி வந்து சேர்ந்தான். வேலையின் பொருட்டு நேரும் பயணம் வேலையின் செலவேயன்றித் தொழிலாளியின் கடனன்று என்னும் கொள்கை சட்டத்தில் இடம்பெற்றது அப்பொழுதேயாம். 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1941ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டம் பிறந்தது.

இவை யாவும் அரசு மேலிருந்து வகுத்தவை. தொழிலாளரே பேசி எழுதும் முறைக்கு உறுதியான சட்ட வலு அளித்தது 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமாகும். இச்சட்டத்தின்படி, தொழிற்சங்கமும் தொழில்தருநரும் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொழில் ஆணையாளர் வர்த்தமானியில் வெளியிடுவார். வெளியிட்டதும், அதன் விதிகள் அதற்குட்பட்ட ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டவை போலவே கொள்ளப்படும். அதனை மீறுதல் குற்றமாகும். எழுத்தறியாத் தொழிலாளிக்கும் இதனால் எழுத்து மூலமான உரிமை கிட்டுகின்றது.

எனினும் இச்சட்டம் அரசாங்கத்தை ஒரு தொழில்தருநராகக் கொண்டு கட்டுப்படுத்துவதன்று. மாத்தளைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருப்பவரின் சம்பளத்தைச் சுற்றுநிருபங்களும், அவர்தம் பிரயாணப் படியைத் தாபன விதிக்கோவையும் வகுக்கின்றன. அவர் சங்கம் வேண்டலாம், போராடலாம்; இச்சட்டத்தின் கீழ் உடன்படிக்கை எழுத இயலாது. கூட்டுத்தாபனங்களும் அரச வங்கிகளும் அத்தகையன அல்ல. இலங்கை வங்கிச் சேவையாளர் சங்கம் அரச வங்கிகளுடன் உடன்படிக்கை செய்து வருவது இதற்குச் சான்று. எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி, ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்கள் மாத்தளைப் பக்கத்தில் உள்ளமையால், அங்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒருவகையிற் பொதுத்துறைத் தொழிலாளியே ஆவாள்.

உடன்படிக்கை கூலியை எங்ஙனம் உயர்த்துகின்றது? பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் முதலிய சங்கங்களும் செய்த உடன்படிக்கைகளை நோக்குவோம். 2016ஆம் ஆண்டில் நாட்கூலி 730 ரூபாய். அதில் அடிப்படைக் கூலி 500, விலைப்பங்கு 30, வரவுப்படி 60, உற்பத்திப்படி 140. 2019ஆம் ஆண்டில் மொத்தம் 750 ரூபாய். அடிப்படை 700, விலைப்பங்கு 50.

மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இருபது ரூபாயே கூடியது எனத் தோன்றும். உண்மை அதுவன்று. முன்னைய முறையில் வரவு குறைந்தவளும், குறித்த நிறை கொழுந்து பறியாதவளும் 530 ரூபாயே பெற்றாள். பின்னைய முறையில் முழுப்பேர் கிடைத்த நாளில் அவளுக்கு 750 ரூபாய் உறுதியாயிற்று. மேலும், ஊழியர் சேமலாப நிதிக்கு ஊக்கப் படிகள் கணக்கிற் கொள்ளப்படுவதில்லை. அடிப்படைக் கூலிக்கு மட்டும் தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீதம் நாளொன்றுக்கு 60 ரூபாயிலிருந்து 84 ரூபாயாகின்றது. பணிக்கொடையும் அவ்வாறே. நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் கூலி என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. முப்பதாண்டு உழைத்தவளுக்கு 420 நாட் கூலியாம். அடிப்படையில் ஏறிய 200 ரூபாயால் அத்தொகை 84,000 ரூபாய் மிகுகின்றது. ஆதலின் உடன்படிக்கையிற் பார்க்கவேண்டியது மொத்தத் தொகையை அன்று. அதன் கூறுகளையே என்க.

இனிப் பிரயாணப் படியைக் காண்போம். லயத்திலிருந்து பிரட்டுக்களத்திற்கு நடந்து செல்வோர்க்கு இப்படி பெரிதன்று. மலைதோறும் மோட்டார்ச் சைக்கிளிற் சென்று மேற்பார்க்கும் தோட்ட உத்தியோகத்தருக்கும், இரத்தோட்டை, உக்குவளை முதலிய ஊர்களிலிருந்து பஸ்ஸில் நகருக்கு வரும் ஊழியருக்கும் அது சம்பளத்தின் ஒரு பகுதியே. கையிலிருந்து பஸ்ஸுக்குக் கொடுத்த காசு கூலியிற் குறைந்த காசன்றோ? இப்படியை மாதமொரு நிலைத்தொகையாகவும் எழுதலாம். சென்ற தூரத்திற்கு ஏற்பவும் எழுதலாம். நிலைத்தொகை விலையேற்றத்தில் கரைந்துவிடும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் லீற்றர் 177 ரூபாயாயிருந்த பெற்றோல் 2022 ஜூன் மாதத்தில் 470 ரூபாயாயிற்று. ஆறே மாதத்தில் படியின் பெறுமதி பாதிக்கும் கீழாயிற்று. எரிபொருள் விலையோடு படியும் ஏறியிறங்கும் என்னும் ஒரு வரி உடன்படிக்கையில் இருப்பின் அவ்விழப்பு நேராது. அவ்வொரு வரிக்காக வாதிடுவது சங்கத்தின் கடமை.

உடன்படிக்கைக்கு எல்லையும் உண்டு. அரச நிறுவனங்களிற் கூலியுயர்வுக்குத் திறைசேரியின் இசைவு வேண்டும். கையொப்பம் மட்டும் பணமாகாது. அரச தோட்டங்களிற் சேமலாப நிதி நிலுவையான வழக்குகளும் இதனையே உணர்த்துகின்றன. அன்றியும், உடன்படிக்கை ஒரு தரத்தார் விலகுதலால் முறியும் தன்மையது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியே 1000 ரூபாய் நாட்கூலி வந்தபொழுது கம்பனிகள் கூட்டு உடன்படிக்கையினின்றும் நீங்கின. கூலி உயர்ந்தது, ஆயின் நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையைப் பேசித் தீர்க்கும் வழி அடைபட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படுகின்றது எனத் தொழிலாளர் முறையிட்டனர். 2024ஆம் ஆண்டிற் கூலி 1350 ரூபாயானதும் சபையின் வழியேதான். சபை கூலியை வகுக்கும். முழுப்பேரா அரைப்பேரா என்பதைத் தோட்டத்திற் பேசித் தீர்க்காது. ஆணையால் வந்த உயர்வுக்கும் உடன்பாட்டால் வந்த உயர்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அன்று வழிச்செலவு கடனாக எழுதப்பட்ட துண்டும் ஒரு தாளே. இன்று வழிச்செலவு உரிமையாக எழுதப்படும் உடன்படிக்கையும் ஒரு தாளே. முன்னையதில் தொழிலாளியின் சொல் இல்லை, பின்னையதில் உண்டு. கற்றவர் இவ்வுடன்படிக்கைகளை வரிவரியாகப் பயின்று, தம் பெற்றோர்க்கும் சுற்றத்தார்க்கும் விளக்கிக் கூறுவாராயின், அச்சொல் மேலும் வலுப்பெறும். கல்வியினால் ஆம் பயன்களுள் அதுவும் ஒன்று.