பேருக்குத்தான் பிக்கப்... உள்ளே எல்லாமே வேற! டக்கார் ராலிக்குத் தயாராகும் ஹைலக்ஸின் கதை

ஜனவரி 2025. சவூதி அரேபியாவின் மணல்மேடுகளில் டக்கார் ராலியின் இரண்டாவது ஸ்டேஜ். முந்தைய ஆண்டின் சாம்பியன், 62 வயது கார்லோஸ் சைன்ஸ் ஓட்டி வந்த ஃபோர்டு ராப்டர் பிக்கப் ஒரு மேட்டில் கவிழ்கிறது. வண்டியை நிமிர்த்தி, மறுபடி ஓட்டி, ஸ்டேஜையும் முடித்துவிடுகிறார் மனிதர். இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது. ஆனால் வண்டியைச் சோதித்த அதிகாரிகள், 'இதோடு போதும், நீங்கள் கிளம்பலாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம், ஒரு குழாய். டிரைவரையும் நேவிகேட்டரையும் சுற்றிக் கூண்டுபோல அமைந்திருக்கும் ரோல் கேஜில் சேதம். அடுத்த முறை கவிழ்ந்தால் அந்தக் கூண்டு இருவரையும் காப்பாற்றும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அதனால் நடப்பு சாம்பியனாக இருந்தாலும் வெளியே! அடுத்த ஸ்டேஜில் கவிழ்ந்த செபாஸ்டியன் லோபுக்கும் அதே கதிதான். ஒன்பது முறை உலக ராலி சாம்பியன் ஆனவர் அவர்.

ராலிக்காக வண்டியை மாற்றுவது என்றதும் பெரிய சக்கரம், உறுமும் சைலன்சர், பளபள ஸ்டிக்கர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நிஜத்தில் பாதி வேலை வேகத்துக்கானதே இல்லை. இரண்டு பேரை உயிரோடும், வண்டியைத் துண்டுதுண்டாகாமலும் இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான வேலை அது. அதை நன்றாகப் புரிந்துகொள்ள, டொயோட்டா ஹைலக்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது.

டர்பனில் பிறந்த பெயர்

ஹைலக்ஸ் நம் ஊரில் 2022-ல்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், ஆஸ்திரேலியாவில் பல தலைமுறைகளாகப் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் ஓடும் வண்டி. தென் ஆப்பிரிக்காவில் இதை டர்பனில் இருக்கும் ஆலையில் தயாரிக்கிறார்கள். 1860-ல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம்மவர்கள் போய் இறங்கிய அதே டர்பன்தான்!

ராலி ஹைலக்ஸ் உருவானதும் அதே நாட்டில். ஜோஹன்னஸ்பர்க் அருகே கிளின் ஹால் தலைமையிலான குழு இதைக் கட்டியது. 2012-ல் முதல் முறை டக்காருக்குப் போனபோதே ஜினியல் டி வில்லியர்ஸ் மூன்றாமிடம் பிடித்தார். 2013-ல் இரண்டாமிடம். 'அடுத்த வருஷம் கப் நமக்குத்தான்' என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த அடுத்த வருஷம் 2019-ல்தான் வந்தது. அது ஏன் என்பதில்தான் இந்த வண்டியின் முழுக் கதையும் இருக்கிறது.

மிச்சம் இருப்பது முகம் மட்டும்

ஷோரூம் ஹைலக்ஸின் அடியில் ஏணி மாதிரி ஒரு சேஸிஸ் இருக்கும். பின்னால், லாரி பட்டறைகளில் 'பட்டை' என்பார்களே, அந்த லீஃப் ஸ்பிரிங். மூட்டை ஏற்ற அதுதான் சரி. ஆனால் கற்பாறையும் பள்ளமும் நிறைந்த நிலத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால், பின்பக்கம் கழுதை உதைப்பதுபோல உதைக்கும்.

ராலி வண்டியில் இந்த இரண்டுமே கிடையாது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூண்டுதான் சேஸிஸ். ரோல் கேஜும் அதோடு ஒன்றாகவே சேர்ந்தது. கூண்டில் அடி விழுந்தால் வண்டியின் எலும்பிலேயே அடி என்று அர்த்தம். அதனால்தான் சைன்ஸ் விஷயத்தில் அத்தனை கண்டிப்பு. நான்கு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர். இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால், நடுப்பகுதியை நோக்கித் தள்ளி வைத்திருப்பார்கள். மூக்கில் கனம் இருந்தால், மேட்டிலிருந்து குதிக்கும்போது வண்டி முகம் குப்புற விழும். வெளியே தெரியும் உடம்பு, எடை குறைந்த கார்பன் ஃபைபர் வகைப் பலகைகள்.

அப்படியென்றால் ஹைலக்ஸ் என்று சொல்ல என்னதான் மிச்சம்? நேர்மையாகச் சொன்னால் முகம், பெயர், பிக்கப் என்ற வடிவம். அந்த வடிவமும் வீண் இல்லை. மூட்டை ஏற்றும் இடம் காலியாகக் கிடைப்பதால், பெரிய எரிபொருள் தொட்டியையும் ஸ்டெப்னிகளையும் வைக்க வசதி.

காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி

சாதாரண ஹைலக்ஸின் டேங்க் 80 லிட்டர். ராலி வண்டியில் 500 லிட்டருக்கும் மேல்! ஒரே நாளில் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் பாலைவனம். மணலில் உறுமிக்கொண்டே போகும் இன்ஜின், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் கணக்குப் பார்க்காது.

500 லிட்டர் பெட்ரோல் என்பது சுமார் 370 கிலோ. வண்டியின் எடையே இரண்டு டன்னை ஒட்டித்தான். காலையில் ஐந்தாறு ஆட்களைக் கூடுதலாக ஏற்றியதுபோலக் கனமாகக் கிளம்பும் வண்டி, மாலையில் அத்தனை பேரையும் இறக்கிவிட்டதுபோல லேசாகி வரும். பிரேக் பிடிக்கும் விதம், துள்ளும் விதம், வளைவில் சாயும் விதம் எல்லாமே மாறும். ஸ்பிரிங்கைக் கனத்துக்கு ஏற்ப அமைத்தால் மாலையில் குதிக்கும். லேசுக்கு ஏற்ப அமைத்தால் காலையில் அடி தட்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் சோதனை ஓட்டம்.

ஆறு வருஷம் குறுக்கே நின்ற மலை

2012 முதல் ஹைலக்ஸில் இருந்தது டர்போ இல்லாத பெட்ரோல் V8 இன்ஜின். எளிமையானது, உறுதியானது. ஆனால் அப்போது ராலி நடந்தது தென் அமெரிக்காவில். மவுரிட்டானியாவில் பாதுகாப்பு இல்லை என்று 2008 போட்டி ரத்தாகி, 2009 முதல் அந்தக் கண்டத்துக்குப் போயிருந்தது. பொலிவியாவின் பீடபூமி 3,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம் ஊட்டி அதில் முக்கால் பங்குகூட இல்லை. அவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். டர்போ டீசல் இன்ஜினோடு வந்த பெஜோ 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று முறை ஜெயித்தது.

இதற்கு நடுவில் 2017-ல் கத்தார் வீரர் நாசர் அல்-அத்தியா ஹைலக்ஸுக்கு வந்தார். முதல் ஸ்டேஜிலேயே வெற்றி. மூன்றாவது ஸ்டேஜில் பின்சக்கரம் போய், சஸ்பென்ஷன் சேதமாகி, போட்டியே முடிந்துபோனது. 2018-ல் இரண்டாமிடம். 2019-ல் ராலி முழுக்கப் பெரு நாட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் மணலில் நடந்தது. பெஜோவும் விலகியிருந்தது. அல்-அத்தியா 46 நிமிடம் 42 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஹைலக்ஸுக்கு முதல் டக்கார் கோப்பை! எதிரி இல்லாததால் கிடைத்த வெற்றி என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த மணலில் மற்ற வண்டிகளும்தான் ஓடின.

சக்கரத்துக்கு வந்த சண்டை

2020-ல் ராலி சவூதிக்குப் போனதும் புதுத் தலைவலி. அங்கே மணல் மட்டும் இல்லை, கத்திபோலக் கூரான கற்களும் உண்டு. ஹைலக்ஸ் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு விதிப்படி 32 இன்ச் டயர்தான். ஆனால் இரண்டு சக்கர இயக்க 'பகி' வண்டிகளுக்குப் பெரிய டயர் அனுமதி. ஓட்டிக்கொண்டே டயர் காற்றை ஏற்றி இறக்கும் வசதியும் அவற்றுக்கு உண்டு. 2021-ல் ஹைலக்ஸ் அணிகள் பஞ்சர் போட்டே களைத்துப்போயின. அந்த வருஷம் ஜெயித்தது ஒரு பகி.

அணிகளின் புகார்களுக்குப் பிறகு 2022-ல் T1+ என்ற புது வகை வந்தது. டயர் 37 இன்ச், அதாவது மூன்றடிக்கும் மேல் உயரம். சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் 280 மில்லிமீட்டரிலிருந்து 350. வண்டியின் அகலம் 2 மீட்டரிலிருந்து 2.3 மீட்டர். ஷோரூம் ஹைலக்ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம் அதிகம், கிட்டத்தட்ட ஒரு பஸ்! V8 இன்ஜினும் விடைபெற்றது. லேண்ட் குரூஸர் 300-ல் வரும் 3.5 லிட்டர் இரட்டை டர்போ V6 உள்ளே வந்தது.

அதன் சக்தி 400 குதிரைத்திறனை ஒட்டித்தான். இந்தக் காலத்தில் சொகுசு கார்களிலேயே அதைவிட அதிகம் கிடைக்கிறது. உச்ச வேகமும் விதிப்படி மணிக்கு 170 கிலோமீட்டர்தான். செலவும் உழைப்பும் எங்கே போகிறது என்று இப்போது புரிந்திருக்கும். அந்த மாற்றங்களோடு அல்-அத்தியா 2022, 2023 இரண்டு வருஷமும் ஜெயித்தார்.

ஜாக்கி பட்டன், தூங்கும் பை

காரில் நம் வழக்கமான ஜாக்கி கிடையாது. வண்டிக்கு அடியிலேயே ஹைட்ராலிக் ஜாக் பொருத்தியிருப்பார்கள். பட்டனை அழுத்தினால் வண்டி தானாக எழும்பும். இருவரும் குதித்து இறங்கி, சக்கரத்தைக் கழற்றி மாட்டி இரண்டு, மூன்று நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும். ஸ்டெப்னி இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதுவும் தீர்ந்தால் நொண்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மணல்மேடு வந்தால் டயர் காற்றைப் பாதியாகக் குறைப்பார்கள். டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம்போல அகலமாக மணலில் பதியும். மேடு முடிந்து கல் வந்துவிட்டால், அதே குறைந்த காற்று பஞ்சருக்கு அழைப்பு வைக்கும்.

பின்னால் வரும் வண்டி, முன்னால் போகும் வண்டியின் புழுதிக்குள் சிக்கினால் எதுவும் தெரியாது, ஹாரனும் கேட்காது. அதற்காக, பின்னால் இருப்பவர் பட்டனை அழுத்தினால் முன்வண்டிக்குள் அலாரம் அடிக்கும் கருவி உண்டு. விபத்து நடந்தால் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் சொல்லும் கருவியும் உண்டு. கூகுள் மேப் கிடையாது. வழிக்குறிப்புப் புத்தகம் இப்போது டேப்லெட்டில் வருகிறது. ஆனால் கிளம்பும் நேரத்தில்தான் கைக்கு வரும்.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாது. ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவில் இந்த வண்டிகள் பொதுச் சாலையில் போக வேண்டும். அதனால் நம்பர் பிளேட், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் உண்டு. பாலைவனத்தில் பறந்தவர், சாலைக்கு வந்ததும் வேகக் கட்டுப்பாட்டை மீறாமல் லாரிக்குப் பின்னால் அடக்கமாகப் போவார்!

2024-ல் சேர்த்த 48 மணி நேர ஸ்டேஜில், மாலை ஆனதும் அடுத்து வரும் முகாமில் நின்றுவிட வேண்டும். மெக்கானிக் கிடையாது. கூடாரம், தூங்கும் பை, பொட்டலச் சாப்பாடு. எதாவது உடைந்தால் டிரைவரும் நேவிகேட்டரும்தான் ஸ்பேனர் பிடிக்க வேண்டும். அதனால் வண்டியை வடிவமைக்கும்போதே, எந்த நட்டையும் களைத்துப்போன இரண்டு பேர் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் எட்ட முடியுமா என்று யோசிக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வீட்டில் நிற்கும் வண்டிக்குப் பெரிய டயர் மாட்ட யாராவது கிளம்பினால், ஒரு நிமிடம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் அளவுகளுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. ராலியில் விதி எழுதுபவர் ஒருவர், சோதிப்பவர் ஒருவர். தெருவில் சோதிப்பது எதிரே வரும் சைக்கிள்காரரின் தலையெழுத்து.

மூன்று நிமிடம் 57 விநாடி

சைன்ஸும் லோபும் வெளியேறிய அதே 2025 ராலிக்குத் திரும்புவோம். கடைசியில் கோப்பைக்கு மோதியது இரண்டு ஹைலக்ஸ்கள். ஒன்றில் டொயோட்டாவின் சொந்த அணிக்காகத் தென் ஆப்பிரிக்காவின் ஹென்க் லாட்டகன். இன்னொன்றில் பெல்ஜியத்தின் ஓவர்டிரைவ் அணி வண்டியில் சவூதியின் யாசித் அல்-ராஜி. சுமார் 7,700 கிலோமீட்டர் பயணம். கடைசி நாட்களில் முதலிடம் இருவருக்கும் மாறி மாறிப் போனது.

ஜனவரி 17, ஷுபைத்தா. சொந்த மண்ணில் டக்காரை ஜெயித்த முதல் சவூதி வீரர் ஆனார் அல்-ராஜி. ஐம்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடிய பந்தயத்தில் லாட்டகன் தோற்றது 3 நிமிடம் 57 விநாடியில். இரண்டு பஞ்சருக்கு இறங்கி ஸ்டெப்னி மாற்றும் நேரம்.